கூண்டில் ஏறாத சாட்சி

எங்கள் வழக்கறிஞர் சங்கத்துக்கு நான் தலைவரானபோது என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் முதல் பிரச்சினை. அதற்கு முன் அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. 'தலைவி' என்றால் மலைச்சாரலில் காதலனுக்காகக் காத்து நிற்பவள் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் 'தலைவரே' என்பதே நிலைத்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக 'மேடம்', 'அக்கா' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் எனக்கு ஓட்டுப் போட்டவர்களிலேயே சிலருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. போராட்டம் என்று வந்தால் பொம்பளை பின்வாங்கிவிடுவாள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும் ஒரு போராட்டம், காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

நாலு மாதத்தில் வந்தது. தன் கட்சிக்காரரோடு காவல் நிலையத்துக்குப் போன எங்கள் இளம் வக்கீல் ஒருவரை அங்கே இருந்த அதிகாரி கன்னத்தில் அறைந்துவிட்டார். அவசரக் கூட்டம் போட்டு, நடவடிக்கை எடுக்கும்வரை கோர்ட்டைப் புறக்கணிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். அந்தக் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

புறக்கணிப்பு நாட்களில் தலைவர் கோர்ட்டு வாசல்படியில் நிற்பது எங்கள் வழக்கம். எனக்கு முன்பிருந்தவர்கள் அரைமணி நேரம் நின்றுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் சாயங்காலம் வரை நின்றேன். மூன்றாம் நாள் உறுப்பினர் ஒருவர் பின்வாசல் வழியாக நுழைந்து ஒரு பையனுக்கு ஜாமீன் வாங்கிவிட்டார். அவரிடம் விளக்கம் கேட்டு என் கையாலேயே நோட்டீஸ் எழுதினேன். எழுதும்போது ஒரு திருப்தி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் என்னுடைய வழக்கு ஒன்று இருந்தது.

முக்கூடலிலிருந்து வரும் அம்மா ஒருவருடையது. அரிசி ஆலையில் வேலை பார்த்த அவருடைய கணவர் இறந்ததும், கணவரின் தம்பிமார் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம். எழுதிவைத்த காகிதம் கிடையாது, பிள்ளையும் கிடையாது. கல்யாணத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தானே அவருடைய மனைவி என்று அறிவிக்கக் கேட்டு அவர் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த எதிருரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, "அதுல என்னம்மா எழுதிருக்காவ?" என்று கேட்டார்.

வாசித்தேன். 'வாதி, இறந்தவரின் மனைவி அல்ல. அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்துவந்த வேலைக்காரி.'

"இன்னொருக்க வாசிங்க."

இன்னொரு முறை வாசித்தேன். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, வியர்வையைத்தான் துடைத்தார்.

"முப்பது வருசம் அவுகளோட குடும்பம் நடத்திருக்கேன். வேலைக்காரியாம்லா?" என்றார். பிறகு, "வீடு வேணும்னா அவனுவளே வச்சிக்கிடட்டும், வக்கீலம்மா. நான் கூண்டுல ஏறி ஒரு வார்த்த சொல்லணும். அத எழுதிக்கிடுவாவல்லா?"

"எழுதிக்கிடுவாவ. நீங்க சொல்லுதத அப்படியே எழுதி, ஜட்ஜு கையெழுத்துப் போடுவாரு."

"அது போதும்."

அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று வருடம் ஆயிற்று. நீதிபதி மாறினார், புது நீதிபதி வரத் தாமதமானது, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். புறக்கணிப்புக்கு முந்தைய வாய்தாவில், "கூண்டுல ஏறும்போது செருப்பக் கழத்தணுமாம்மா?" என்று கேட்டார். கழற்ற வேண்டாம் என்றேன். "நான் கழத்திருவேன். சத்தியம் பண்ணுத எடம்லா" என்றார்.

அந்த ஐந்தாம் நாள்தான் அவர் கூண்டில் ஏற வேண்டிய நாள். புறக்கணிப்பு பற்றி அவருக்கு நான் தகவல் சொல்லவில்லை. பேட்டி, மனு, ஆர்ப்பாட்டம் என்று ஓடிக்கொண்டிருந்ததில் மறந்தே போனேன். பத்து மணிக்குப் படியேறி வந்தவர், வாசலை மறித்து நின்ற கூட்டத்தின் நடுவில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

"நீங்கதானம்மா இவுகளுக்கெல்லாம் தலைவரு? நீங்க சொன்னா வழி விடுவாவல்லா?"

எதிர்த்தரப்பு வக்கீலும் பக்கத்தில்தான் நின்றார். என்னைவிட மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். என்னைத் தூணோரமாகத் தனியே கூட்டிப் போனார். "தலைவரே, அந்தம்மா மட்டும் உள்ள போயி ஏறட்டும். ஜட்ஜய்யாவே கேட்டு எழுதிக்கிடட்டும். நான் ஆட்சேபணை சொல்லல. கால் மணி நேரம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

வழக்கே அவர் தரப்புக்கு எதிரானது. அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. நோட்டீஸ் வாங்கிய அந்த உறுப்பினர் எதிரே மரத்தடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வழக்கு என்றதும் தலைவருக்குக் கதவு திறந்துகொண்டது என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். சாயங்காலம் அதுதான் டீக்கடைப் பேச்சாக இருக்கும்.

"ஒருத்தருக்கு நோட்டீஸ் குடுத்துட்டு நானே செய்ய முடியாது, அண்ணாச்சி" என்றேன்.

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த அம்மாவிடம் வந்து, அடுத்த வாய்தாவில் கட்டாயம் ஏறிவிடலாம் என்றேன். கெஞ்சுவார் என்று பயந்தேன். அவர் கெஞ்சவில்லை.

"செரிம்மா. உங்களுக்கும் நாலு பேரு முன்னால நிக்கணும்லா" என்றார். "நான் பைய போயிருதேன்."

வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கலாம். அதற்குள் யாரோ மைக்கை நீட்டினார்கள்.

இரண்டு நாளில் அந்த அதிகாரியை இடம் மாற்றினார்கள். போராட்டம் வெற்றி என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பொம்பளை என்று இளப்பமாகப் பேசியவர்களே முன்வரிசையில் நின்று கைதட்டினார்கள். பிறகு கோடை விடுமுறை வந்தது.

விடுமுறை முடிந்து அந்த அம்மாவின் வழக்கு எடுக்கப்பட்டது. டவாலி வாசலில் நின்று மூன்று முறை அவர் பெயரைக் கூப்பிட்டார். பஸ் தாமதமாக இருக்கும் என்று நினைத்து, மத்தியானம் எடுத்துக்கொள்ளும்படி நீதிபதியிடம் கேட்டேன். மத்தியானம் வந்தது அவருடைய பக்கத்து வீட்டுப் பெண். விடுமுறையில் ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் உயிர் போய்விட்டதாம்.

வாதி இறந்துவிட்டால் வாரிசு யாராவது தொண்ணூறு நாளைக்குள் வந்து வழக்கை ஏற்று நடத்த வேண்டும். இல்லையென்றால் வழக்கு அற்றுப்போகும். அவருடைய அக்கா மகன் ஒருவர் களக்காட்டில் வாழை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு நானே போனேன். தாரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டார். "போனவுக போயிட்டாவ. இனிமே கோர்ட்டு கேசுன்னு எங்கள எதுக்கும்மா இழுக்கிய?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கெடு முடிந்த நாளில் இறப்புச் சான்றிதழை நீதிபதியிடம் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் அதை முழுதாகப் படித்தேன். கணவர் பெயர் என்ற இடத்தில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர் பெயர் தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் போய்ச் சொல்லியிருக்கிறாள், பதிவு ஆபீசில் இருந்தவரும் ஆதாரம் எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நீதிபதி இறந்த தேதியை மட்டும் பார்த்தார்.

"வாரிசு யாரும் வரலியா?"

"வரல ஐயா. ஆனா, வழக்கு அற்றுப்போகும் முன்னால ஒரு விஷயத்தைப் பதிவு செய்யணும். அந்த அம்மா வேலைக்காரி இல்ல. அவர் மனைவி. அதைச் சொல்லத்தான் மூணு வருஷமா வந்துக்கிட்டிருந்தாங்க."

எதிரே அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி வயதில் சின்னவர், நல்லவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வக்கீல் சொல்றது சாட்சியம் ஆகாதேம்மா. அவங்க வந்து சொல்லியிருக்கணும்."

அவங்க வந்தாங்க ஐயா, நான்தான் உள்ளே விடவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. உத்தரவை எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். வழக்குக் கட்டுக்குள் அந்த எதிருரை அப்படியே இருக்கிறது, அதில் அந்த வார்த்தையும் இருக்கிறது. அதற்கு அவர் சொல்லவிருந்த பதில் எந்தத் தாளிலும் இல்லை.