அக்கா கட்டிய சேர்வரும் சத்திரசிகிச்சை நாளும்

எங்கள் அக்கா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், அவரது உடன்பிறந்தவன் என்ற முறையில் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். அவருடைய நற்குணங்களோடு, நான் செய்யவிருந்த ஒரு பெரும் பிழையையும் எழுதாமல் விட்டால் இது உண்மையாக இராது.

ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொனில், கமம் செய்த குடும்பத்தில் மூத்தவராக அக்கா பிறந்தார். தகப்பனாரான எங்கள் ஐயா வேளைக்கே காலமானார். அக்கா உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தி, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் பார்த்தார். தனக்கென்று ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்ளவில்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது வீட்டுப் பத்திரங்கள் இருந்த பெட்டி மழையில் நனைந்தது. திறந்து பார்த்தபோது காணி உறுதிப் பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. ஊருக்குத் திரும்பிய பின்னர் அவற்றை மீண்டும் எடுக்க அவர் ஏறாத கந்தோர் இல்லை.

ஓய்வுபெற்றதும் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கணினியை வாங்கி வந்து, அதைப் பத்திரங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் சேர்வராக மாற்றினார். யாரிடமும் கேட்கவில்லை. காணொளிகளைப் பார்த்து, பிழைவிட்டு, கழற்றி, மறுபடி பூட்டினார். உள்ளே இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். கடற்காற்றின் உப்பு பிடிக்காமல் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பெயின்ற் தூரிகையால் துடைப்பார். அயலவர்கள் தங்கள் உறுதிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றைப் படியெடுத்து அதில் சேமித்துக் கொடுத்தார். கனடாவிலுள்ள மச்சான் அங்கேயும் ஒரு பிரதி வைக்கலாமே என்றபோது, "ஊராற்றை உறுதியை அவையளைக் கேக்காமல் வெளியில அனுப்ப ஏலாது" என்று மறுத்தார். அதேபோல் அந்தப் பெட்டியை வேறெவரும் தொட விடவுமில்லை. நானும் தொடக் கூடாது. அது எனக்கு உள்ளூரக் கோபம்தான்.

அவர் மறைவதற்கு முந்திய மாரியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி இருப்பது தெரியவந்து, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சத்திரசிகிச்சை நாளன்று வீட்டைப் பார்க்க நான் கரம்பொனுக்கு வந்திருந்தேன். முற்பகலில் அயல்வீட்டு பிலோமினா வந்தார். வெள்ளம் புகுந்து அவருடைய உறுதி அழிந்துவிட்டது. அவர் குடியிருக்கும் வளவைப் பக்கத்துக் காணிக்காரர் தனதென்று உரிமை கோருகிறார். மறுநாள் காலை பிரதேச செயலகத்தில் விசாரணை.

"அக்காவின்ர பெட்டிக்குள்ள என்ர உறுதி கிடக்குது. அதை எடுத்துத் தாரும் தம்பி. நாளைக்கு வெறுங்கையோட போனால் நான் பிள்ளையளோட எங்க போறது?"

சேர்வரை இயக்கினேன். அது தொடங்கவில்லை. முதல்நாள் மின்னலில் ஒரு தட்டுச் செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றி, அக்கா மேலதிகமாக வாங்கி அலுமாரியில் வைத்திருந்த புதுத் தட்டைப் பூட்டினேன். திரையில் இரண்டு தட்டுகளும் மேலும் கீழுமாக, எண்களாக மட்டும் தெரிந்தன. ஒன்றை முழுவதும் அழித்துத் தயார்படுத்தவா என்று கேட்டது. புதியதுதான் மேலே இருக்கும் என்று நினைத்து அதைத் தெரிவுசெய்தேன். பிலோமினா கதிரையின் நுனியில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, என்னைத் தியேட்டருக்குக் கொண்டுபோகப் போயினம். உன்னோட ஒருக்கால் கதைப்பம் எண்டு எடுத்தனான்."

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க, செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னேன். அக்கா உடனே கேட்டார்.

"அமத்திப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"கையை எடு. மேல கிடக்கிறதின்ர நம்பரை வாசி. கடைசி நாலும்."

"ஏழு, மூண்டு, ஒண்டு, நாலு."

"அது பழசடா. எல்லாரின்ரயும் அதுக்குள்ளதான் கிடக்குது."

நாற்பத்திரண்டு குடும்பங்களின் பத்திரங்களை ஒரே அழுத்தில் அழிக்க இருந்தேன்.

"பயப்பிடாதை. கீழ உள்ளதைத் தெரிவு செய். திரும்ப ஒருக்கால் நம்பரை வாசிச்சுப்போட்டு அமத்து." அருகில் யாரோ பேசும் குரல் கேட்டது. "சரி, நான் போட்டு வாறன்" என்றார். அழைப்பு நின்றது.

எண்களை மூன்று முறை வாசித்துவிட்டே அழுத்தினேன். ஒரு மணிநேரத்தின் பின் சேர்வர் இயங்கத் தொடங்கியது. உறுதியின் எட்டுப் பக்கங்களும் இருந்தன. பிலோமினா அவற்றைப் பெற்றுக்கொண்டு அழுதார். எனக்கோ ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வரும்வரை இருப்புக்கொள்ளவில்லை. மாலையில், சத்திரசிகிச்சை முடிந்தது, கண் விழித்துவிட்டார் என்றார்கள். விசாரணையில் வளவு பிலோமினாவுக்கே என்று முடிவானது.

வீடு திரும்பிய அக்கா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "பிழை என்னிலதான். உனக்கு ஒண்டும் காட்டித்தராமல் எல்லாத்தையும் நானே வைச்சிருந்திட்டன்" என்றார். என் கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று. நோய் திரும்பவும் தலைகாட்டியது. நான்கு மாதங்களின் பின், ஒரு காலை, வலியில்லாமல் கண்ணை மூடினார்.

இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அயலவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து வந்த உறவுகளுக்கும், அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் எமது நன்றிகள். இன்னும் ஒருவருக்குக் கடன்பட்டுள்ளோம். அன்று அக்காவின் கைகள் இரண்டிலும் ஊசிகள் ஏற்றியிருந்தார்களாம். தியேட்டர் வாசலில் தள்ளுவண்டிலை நிறுத்தி, நாங்கள் பேசி முடிக்கும்வரை அவருடைய காதோடு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒரு தாதி. அவருடைய பெயரை நாங்கள் இன்னும் அறியோம். இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.