எனக்கு மட்டும் டிக்கெட் இல்லாத படம்

என் மனைவி என்னை விட்டுப் போன மறு வருஷம் அந்தப் படம் பெரம்பலூர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. எழுபதுகளின் கடைசி என்று நினைவு. படத்தின் பேர் காதில் விழுவதற்கு முன்னாலேயே அது எப்படிப்பட்ட படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குக் காரணம் விளம்பர வண்டி. இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டு வண்டியில் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வருவான். கடைவீதி முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தவன், எங்கள் தெருவில் திரும்பியதும் மைக்கை அணைத்துவிட்டான். மாட்டாஸ்பத்திரியைத் தாண்டி, என் வீட்டைத் தாண்டி, அடுத்த தெருவுக்குப் போய்த்தான் மறுபடி வாயைத் திறந்தான்.

நான் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாட்டின் கழுத்து மணி மட்டும் என்னைக் கடந்து போனது. தட்டியில் ஒரு பெண் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மைக்குக்காரன் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, மாட்டு வாலையே பார்த்துக்கொண்டு போனான்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சொன்னவன் என் நிலைமையில் இருந்ததில்லை. என் விஷயத்தில் ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டது. ஏசியிருந்தால்கூடத் திருப்பி ஏசியிருப்பேன். நல்லவர்களாக நடந்துகொண்டார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படம் வந்ததும் இது இன்னும் மோசமானது. நல்ல புருஷன், வீட்டுக்கு வந்து போகிற சிநேகிதன், அவனோடு போய்விடுகிற மனைவி என்ற அளவுக்குக் கதை என் காதுக்கு வந்தது. அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. டீக்கடையில், "அப்பறம் அந்தப் பொம்பள என்னா பண்றான்னா..." என்று ஒருவர் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், "பருத்தி இந்த வருஷம் தேவலாம்" என்பார். மற்றவர்களும் பருத்திக்குத் தாவுவார்கள். ஊரே அழுதுவிட்டு வந்த படத்தின் முடிவு எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் கொட்டகைக்கே போனேன். டிக்கெட் கொடுக்கிறவர் என் கையால் தன் பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டு போனவர். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஹவுஸ்ஃபுல் சார்," என்றார்.

"மணல் தரைக்கு ஏதுய்யா ஹவுஸ்ஃபுல்? தள்ளி உக்காந்தா எடம் வருது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இது வேணாம் சார். வெள்ளிக்கெழம சாமி படம் வருது, வாங்க. நானே நல்ல எடமா பாத்து உக்கார வெக்கிறேன்."

அவர் நெஞ்சில் கை வைத்து அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து, காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கொட்டகையில் பாட்டு ஓடுவது காற்று அடிக்கும்போது மட்டும் கேட்டது.

அவள் என் மாமன் மகள். அரும்பாவூர்ப் பக்கம் அவர்கள் ஊர், என் அம்மா பிறந்த வீடும் அதுதான். ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினோம், பிள்ளை இல்லை. எங்கள் அண்ணன் கிணற்றில் கரண்ட் மோட்டார் பழுதாகி, அரியலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். மோட்டார் சரியாக ஒரு மாதம் ஆனது. அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். மோட்டார் ஓட ஆரம்பித்த வாரத்தில் அவள் அவனோடு போய்விட்டாள். "என்ன கொறை வெச்ச அவளுக்கு?" என்று அண்ணி மட்டும் ஒரு தடவை கேட்டார். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அடித்ததில்லை, குடித்ததில்லை, சினிமாவுக்குக் கூட்டிப் போகாமல் இருந்ததில்லை. காரணம் தெரிந்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டாவது அழுதிருக்கலாம்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி இதற்கு ஒரு முடிவு இருந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார, புருஷன்காரன் ஒரு துரும்பை எடுத்துக் கிள்ளிப் போட வேண்டும். அதோடு உறவு அற்றது. அவன் வேறு பெண் பார்க்கலாம், அவள் வேறு தாலி கட்டிக்கொள்ளலாம். கிள்ளாதவரை அவள் எங்கே இருந்தாலும் அவன் பெண்டாட்டிதான். "கிள்ளிப் போட்டுட்டு வேற பொண்ணப் பாருடா," என்று அண்ணன் மாதம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவார். நான் மாட்டேன் என்றேன். ஊரில் சிலர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள், சிலர் வன்மம் பிடித்தவன் என்றார்கள். அவள் வந்துவிடுவாள் என்று நான் நம்பினேன். அந்தத் துரும்பு ஒன்றுதான் என் கையில் மிச்சம் இருந்தது, அதை எப்படிக் கிள்ளுவேன்?

படம் பெரம்பலூரை விட்டு அரியலூருக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, நிம்மதியாகப் படம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அவள் இருக்கிற ஊர் அது என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி வழி நெடுக மரங்களில் படிந்திருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனதில் இறங்கும்போது என் தலையும் நரைத்திருந்தது.

அங்கே கட்டடத் தியேட்டர், மத்தியானக் காட்சி உண்டு. டிக்கெட் கொடுத்தவன் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். அதற்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். இடைவேளையில் ஆண்கள் எழுந்து போய்க் கடலையும் கலரும் வாங்கிவந்து, சுவருக்கு மேலாகத் தங்கள் வீட்டுப் பெண்களிடம் கொடுத்தார்கள். நானும் பழக்கத்தில் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு சுவர்வரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து நானே தின்றேன்.

படம் நான் பயந்த அளவுக்கு இல்லை. அந்தப் புருஷன் மாளிகை மாதிரி வீட்டில் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு அழுதான். அவனுக்குச் சோறு வடிக்கிற கவலை இல்லை. சிநேகிதன் கைவிட்டதும் மனைவி தெருத்தெருவாக அலைந்தாள், இருமினாள், கடைசியில் மழையில் நனைந்துகொண்டு புருஷன் வீட்டு வாசலில் வந்து விழுந்தாள். அவன் அவளை மடியில் தூக்கிப் போட்டு, எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், வீட்டுக்கு வா என்றான். அவள் அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செத்துப்போனாள்.

பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை. எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செத்தாளா, அதான் சரி. இனிமே அந்தாளு நிம்மதியா இருப்பான்," என்றார். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அப்போது அந்த அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு.

"எவடி அவ? சாவுல சிரிக்கிறவ?" என்று யாரோ ஒரு பெண் திட்டினாள்.

எனக்கு எவள் என்று தெரியும். சினிமாவில் யார் செத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரும். "செத்தவளுக்கு நெஞ்சு ஏறி எறங்குது, பாத்தீங்களா?" என்று வீடு வருகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். திரையைப் பார்த்தேன். உண்மைதான், செத்தவள் மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

படம் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். அவள் கடைசியாக, தனியாக, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஏழாவது மாதமாவது இருக்கும். மாட்டுக்குப் பார்த்துப் பழகிய கண் எனக்கு, வேண்டாத நேரத்திலும் கணக்குப் போடும். கழுத்தில் நான் கட்டிய தாலி கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் கிளம்பிய ஆசையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"மச்சான்," என்றாள். "எளச்சுட்டீங்க."

"படம் பாக்க வந்தேன்."

"ஏன், அங்க ஓடலையா?"

"ஓடுச்சு. எனக்கு மட்டும் டிக்கெட் குடுக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் யாரும் என்னிடம் சிரித்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தைரியத்தில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வூட்டுக்கு வந்துடு. நடந்தத மறந்துடறேன். புள்ளய எம் புள்ளயா வளக்கிறேன். எவன் என்னா சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான், கொஞ்ச நேரத்துக்கு முன் பட்டு ஜிப்பாக்காரன் பேசியதைத்தான் நானும் பேசியிருக்கிறேன் என்று உறைத்தது. அவளுக்கு அது எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரமாட்டேன் மச்சான். உங்க மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு அவரோட இருக்கணும்னு இருக்கு, அவ்ளோதான். அதுக்கு மேல எனக்கே சொல்லத் தெரியல."

அவள் தாலிக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இத நானா கழட்டக்கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு. போன மாசம் ஊருக்குப் போனேன், பேறுகாலத்துக்கு இருந்துட்டு வரலாம்னு. அப்பா வாசல்லயே நிறுத்திட்டாரு. துரும்பு கிள்ளாம வந்தவள உள்ள வுட்டா பங்காளிங்க யாரும் வூட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்களாம். அம்மா கதவுக்குப் பின்னால நின்னு அழுவுது. தெருவோட திரும்பி வந்துட்டேன்."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது அடங்குகிறவரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"அவ செத்ததும் அந்தாளு எப்புடி அழுவுறாரு, பாத்தீங்கல்ல? நான் செத்தாலும் நீங்க அப்புடித்தான் அழுவீங்க மச்சான், எனக்குத் தெரியும். ஊரு உங்களப் பெருசாப் பேசும். எனக்கு அதெல்லாம் வேணாம். உசுரோட இருக்கறப்பவே வுட்டுடுங்க. தலப்பிரசவம், பயமா இருக்கு. அம்மாகிட்ட போவணும்."

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு என்னிடமே வந்து கேட்கிறாளே என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழிவரை அந்தக் கோபம் துணைக்கு வந்தது. பிறகு அதுவும் இறங்கிப் போய்விட்டது. அம்மா வீட்டு வாசலில் நின்று திரும்பிப் போன வயிற்றுப்பிள்ளைக்காரிதான் கண்ணுக்குள் நின்றாள். அவள் வருவாள் என்று நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம், அவள் போக வேண்டிய கதவு என்னால் சாத்திக் கிடந்திருக்கிறது.

பெரம்பலூரில் இறங்கியதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், "நாள் பாருங்க, கிள்ளிடறேன்," என்றேன். அண்ணன் என் தோளைத் தட்டினார். அண்ணி உடனே தன் ஒன்றுவிட்ட தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காது கொடுத்துக் கேட்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மாமா வீட்டு வாசலில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பாயில் உட்கார்ந்தார்கள். அவள் வந்து, தலைவழியாகத் தாலியைக் கழற்றி, வெற்றிலைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மாமா கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி என் கையில் கொடுத்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், கிள்ளினால் போதும் என்றார் ஒரு பெரியவர். கிள்ளினேன். காய்ந்த துரும்பு, நகம் பட்டதுமே ஒடிந்துவிட்டது.

அத்தை அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். இலை போடுகிற சத்தம் கேட்டது.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்ட லீவெல்லாம் நான் கிடந்த வீடு அது. கிளம்பும்போது, "போயிட்டு வரேன் அத்தே," என்று அடுப்படிவரை கேட்கக் குரல் கொடுப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்துவிட்டேன். அண்ணன் என் கையை அழுத்தினார்.

"சொல்லிக்கிடக் கூடாதுடா. சாவு வூட்டு மொறதான் இதுக்கும்."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க," என்று உள்ளே அத்தை சொல்வது கேட்டது. அவள் ஏதோ சொன்னாள், அத்தை சிரித்தார். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. நான் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்தேன்.