திறப்புவிழாக் கல்லின் கடைசி வரி

ஏப்ரல் 14: திறப்புவிழா, தள்ளிவைப்பு. பெயர்க்கல், எழுத்துக்கூலி உட்பட ரூ. 6,500.
மே 4: திறப்புவிழா, மீண்டும் தள்ளிவைப்பு. அதே கல்லின் பின்பக்கம், எழுத்துக்கூலி ரூ. 2,800.
ஜூன் 1: திறப்புவிழா, நடந்தது. எழுத்துக்கூலி ரூ. 3,100. கல் வாங்கிய வகையில் ஒன்றுமில்லை.

2025 கோடையில் சங்கரன்கோவில் வட்டார வரலாற்றுக் கழகமும் அதன் அருங்காட்சியகமும் ஆற்றிய பணி இவ்வளவுதான். அந்த 'ஒன்றுமில்லை'யால் நஷ்டப்பட்டவர் ஒரே ஒருவர், கழகப் பொருளாளர் மகாராஜன்.

மகாராஜன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆசை மட்டும் ஒன்று உண்டு: தன் பெயரைக் கல்லில் பார்த்துவிட வேண்டும். சங்கத்துக்குப் புதுக்கட்டடம் எழுந்தபோது செங்கல் முதல் ஜன்னல் கொக்கி வரை கணக்கு வைத்தவர் அவர். கல்லில் ஏறியதோ, விழாவுக்குப் பாதியில் வந்து சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிப் போனவர்களின் பெயர். சொந்தத் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் 'மற்றும் உற்றார் உறவினர்' என்பதற்குள் அடங்கிப்போனார்.

ஓய்வு பெற்ற கையோடு வரலாற்றுக் கழகத்தில் சேர்ந்தார். வரலாற்றின் மேல் காதல் என்று சொல்ல முடியாது. கழகத்துக்கு அருங்காட்சியகம் வரப்போகிறது, அருங்காட்சியகம் வந்தால் திறப்புவிழாக் கல் வரும் என்பது அவர் கணக்கு.

அருங்காட்சியகம் என்பது பிரியாணிக் கடையை ஒட்டிய இரண்டு அறைகள். உள்ளே ஒரு டைப்ரைட்டர், நாலு அரிக்கேன் விளக்கு, கழகத் தலைவர் ஜெயசிங் பரிசாக வாங்கிய கோப்பைகள். ஜெயசிங் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன்னையும் காட்சிப்பொருளில் சேர்த்தே நினைப்பவர். நிஜமாகவே பழையது என்று அங்கே இருந்தது வாசலில் கிடந்த கல்வெட்டு ஒன்றுதான். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து விவசாயி உச்சிமாகாளி தன் கிணற்றடியிலிருந்து கொடுத்த கல் அது. ஒரு பக்கம் பழைய எழுத்து. மறுபக்கம், மூன்று தலைமுறை துணி துவைத்துக் கண்ணாடி போல வழவழப்பு. எழுத்தைப் படிக்க உள்ளூரில் ஆள் இல்லாததால் அதற்கு மதிப்பு கூடிக்கொண்டே போயிற்று.

அருங்காட்சியகத்தைத் திறக்க முதலில் அழைத்த அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் பெயர் பொறித்த கல்லின் பின்பக்கத்தில் இரண்டாமவர் பெயரைப் பொறித்தார்கள். இரண்டாமவர், வெயில் தாழட்டும் பார்க்கலாம் என்றார். முதல் பக்கத்தில் மகாராஜன் பெயர் கடைசி வரியாக இருந்தது. இரண்டாவதில் தலைவரின் மருமகன் 'முன்னிலை' என்று நடுவில் புகுந்ததால் இடமில்லாமல் போயிற்று. மூன்றாவதாக ஒரு விருந்தினர் சம்மதித்தபோது கல்லில் எழுதப் பக்கம் மிச்சமில்லை. கழகத்தில் காசும் மிச்சமில்லை.

"பிளக்ஸ் அடிச்சு மாட்டிருவோம் வே," என்றார் ஜெயசிங்.

மகாராஜன் கணக்கு நோட்டை மூடிவைத்தார். பிளக்ஸ் ஆடிக் காற்றுக்குத் தாங்குமா? அவர் பார்வை வாசலுக்குப் போயிற்று.

"அந்தக் கல்வெட்டுக்குப் பின்பக்கம் சும்மாதான சார் கெடக்கு?"

ஜெயசிங் யோசித்தார். வரலாற்றுக் கழகத் தலைவர் என்ற முறையில் அவருக்கு எழுந்த சந்தேகம் ஒன்றே ஒன்று.

"எம் பேரு பெருசா வருமா?"

"தாராளமா வரும் சார். நானும் கீழ ஒரு ஓரமா ஒண்டிக்கிடுதேன்."

கல் செதுக்கும் இசக்கித்துரை, வழவழப்புப் பக்கத்தில் பெயர்களை வெட்டி, பழைய எழுத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி, சிமெண்ட் வைத்துப் பதித்தார். "தொன்மையான கல்வெட்டு இனி வெயிலிலும் மழையிலும் வாடாது," என்று ஜெயசிங் விழாவில் முழங்கினார். கைதட்டல் எழுந்தது. பாதாம்பால் கொடுத்தார்கள்.

மறுநாள் மகாராஜன் தன் மனைவி கோமதித்தாயைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் பூந்தொட்டியை நகர்த்திவிட்டுக் குனிந்து படித்தாள்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? ரேஷன் கார்டுல இதவிடப் பெருசால்லா இருக்கு."

"அது தாளுட்டி. இது கல்லு."

அன்று முதல் மகாராஜன் காலையில் ஈரத்துணியோடு வந்து கல்லைத் துடைத்தார். கடைசி வரியை மட்டும்.

பத்து நாள் போயிருக்கும். உச்சிமாகாளி திருவேங்கடம் ஊர்ச் சம்பந்தியை அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கிணற்றடிக் கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்க கல்ல எங்க?"

"இந்தா, இதுதான்," என்று காட்டினார் மகாராஜன்.

உச்சிமாகாளி மேலும் கீழும் பார்த்தார். "இதுல உங்க பேருல்லா இருக்கு."

"உம்ம எழுத்து பின்னால இருக்கு வே. பத்திரமா."

"பின்னாலன்னா? சுவத்துக்குள்ள பூந்து பாக்கணுமாக்கும்?"

"பிரியாணிக் கடை அடுப்படி வழியா போனா தெரியுமோ என்னமோ," என்று சம்பந்தி சிரித்தார்.

உச்சிமாகாளியின் முகம் கறுத்துவிட்டது. "தொவைகல்லாக் கெடந்தப்பகூட அது மானமாக் கெடந்துச்சு வே!" அன்றைக்கே தொல்லியல் துறைக்கு எழுதிப்போட்டார்.

துறையிலிருந்து கழகத்துக்குக் கடிதம் வந்தது: கல்வெட்டைப் படியெடுக்க ஆள் வருகிறார், சுத்தம் செய்து தயாராக வைக்கவும்.

இசக்கித்துரையை மறுபடி அழைத்தார்கள். அவர் கல்லைத் தட்டிப் பார்த்தார். "கீழ கடப்பாரை குடுத்து நெம்பணும். பின்பக்க எழுத்துக்கு ஒண்ணும் ஆவாது. முன்பக்கம் கீழ் விளிம்பு மட்டும் தெறிச்சிரும்."

கீழ் விளிம்பில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"மேல இருந்து நெம்ப முடியாதா தம்பி?" என்றார் மகாராஜன்.

"மேல தலைவர் பேருல்லா இருக்கு அண்ணாச்சி. கூலி குடுக்கது அவரு."

"கூலிய எழுதுதது நானுல்லா."

"எழுதுதவுகளுக்காக யாரு கல்ல நெம்புதா?"

மகாராஜன் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "நான் விடமாட்டேன் சார்."

ஜெயசிங் அவர் தோளில் கை வைத்தார். "அப்ப படியெடுக்க வாரவர்ட்ட நீரே பதில் சொல்லும். யோசனை உம்மோடது. மினிட்ஸ்ல 'பொருளாளர் மகாராஜன் ஆலோசனைப்படி'ன்னு எழுதினதும் நீருதான்."

அப்படித்தான் எழுதியிருந்தார். தன் பெயரை அதில் காண ஆசைப்பட்டு எழுதியது. மகாராஜன் விலகி நின்றார்.

கடப்பாரை இறங்கியது. கடைசி வரி சில்லுச் சில்லாகத் தெறித்தது. ஜெயசிங்கே விளக்குமாறு எடுத்துப் பெருக்கித் தள்ளினார். அருங்காட்சியகத்துக்கு அவர் செய்த ஒரே உடலுழைப்பு அது.

இப்போது அந்தக் கல் அறை நடுவே இரும்புத் தாங்கியில் நிற்கிறது. ஒரு பக்கம் விருந்தினர், தலைவர், மருமகன் வரை சேதமில்லை. மறுபக்கம் பழைய எழுத்து. உச்சிமாகாளி சம்பந்தியை மறுபடி கூட்டிவந்து, கல்லை மாட்டைத் தட்டுவது போலத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். துறை ஆள் மையும் தாளும் வைத்துப் படியெடுத்துச் சென்றார்.

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு துறையிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. ஜெயசிங் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"ஊருணி வெட்டுன சங்கதியாம் வே. தானம் குடுத்த பெரிய ஆளுக பேரு எல்லாம் அழிஞ்சுபோச்சாம். கடைசி வரி மட்டும் முழுசா இருக்காம்."

"அதுல என்ன சார்?"

"கணக்கு எழுதுனவன் பேரு. உபயோகம் ஒண்ணுமில்ல. ஃபைல்ல போடும்."

மகாராஜன் கடிதத்தை வாங்கி, தானும் ஒருமுறை படித்தார். பிறகு அதன் அடி ஓரத்தில், வழக்கமாகப் போடும் சுருக்கொப்பத்தை விட்டுவிட்டுத் தன் முழுப்பெயரையும் அழுத்தி எழுதி, பக்கத்தில் கடிதம் வந்த தேதியைப் போட்டார்: 18.8.2025.