ரோஸ்லின் அக்கா கொடுத்த வாக்குமூலம்

பழைய ஓட்டுநர்கள் சிலர் கலைக்காமல் வைத்திருக்கும் வாட்ஸ்அப் புலனக் குழுவில்தான் செய்தி வந்தது. "ரோஸ்லின் அக்கா போயிட்டாங்க. நாளைக்குக் காலையில மாதா கோயில்ல பூசை." பதிலுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கவே எனக்கு அலுப்பாக இருந்தது.

சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலைப் பேருந்துகள் நடத்தியவர் அவர். பாடாங் மேஹாவிலிருந்தும் புக்கிட் செலம்பாவிலிருந்தும் ஷிஃப்ட் வேலைக்குப் போனவர்களை அவருடைய வண்டிகள்தாம் ஏற்றி இறக்கின. நான் அங்கே நிர்வாகியாக இருந்தேன். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த விபத்து மறந்திருக்காது. புக்கிட் செலம்பாவ் முச்சந்தியில் எங்கள் பேருந்து முருகன் என்பவரின் மோட்டார் சைக்கிள் மீது மோதியது. முருகன் ஒரு காலை இழந்தார். அவர் நிற்காமல் சாலையில் ஏறிவிட்டார் என்று பார்த்தவர்கள் சிலர் சொன்னார்கள். எங்கள் வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார்:

"நீங்க வாயே தொறக்காதீங்க. தப்பு மோட்டார்காரரு மேல போவும். இல்லன்னா டிரைவர் மேல. கம்பெனி மேல வராது."

அவர் போனபின் அக்கா என்னிடம் உண்மையைச் சொன்னார். பிரேக் சரியில்லை என்று அந்த வண்டியை ஓட்டிய செல்வம் முந்தின நாளே அவரிடம் சொல்லியிருக்கிறார். மாற்று வண்டி இல்லாததால், இந்த ஒரு ஷிஃப்டை மட்டும் பார்த்து ஓட்டிவிடு என்று இவர்தான் அனுப்பியிருக்கிறார். அந்தப் பேச்சு அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"செல்வம் லாக்கப்ல கெடக்கறாரு. இன்னும் என் பேர சொல்லல" என்றார். "நான் சும்மா இருந்தா அவருதான் உள்ள போவணும்."

காரை எடுக்கச் சொன்னார். காவல் நிலையத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "பயமா இருக்கு தம்பி" என்றார். பிறகு இறங்கிப் போய், பழுது தெரிந்தே வண்டியை அனுப்பியது தான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார்.

செல்வம் வெளியே வந்தார். தொழிற்சாலை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு இழுத்தது. பேருந்துகள் போயின, அக்காவின் வீடும் போயிற்று. ஓட்டுநர்களைக் கூப்பிட்டு இனி வேலை இல்லை என்று சொன்ன அன்று, நெடுங்காலம் உடனிருந்த மாணிக்கம் எழுந்து நின்றார்.

"உண்மைய சொல்லிட்டீங்க. ஒங்களுக்கு மனசு லேசாயிருச்சு. எங்க பிள்ளைங்க என்னா சாப்புடும் அக்கா?"

"நீங்க கேக்கறது நியாயந்தான் அண்ணே. ஆனா எனக்கு மனசு லேசாவல."

அதற்குப்பின் தன் ஓட்டுநர்களுக்கு வேலை கேட்டுப் போட்டிக்காரர்களின் அலுவலகங்களில் போய்க் காத்திருந்தார்; நானும் உடன் போனேன். ஒரு முதலாளி, "பிரேக் அக்கா வந்துட்டாங்க பாரு" என்று எங்கள் காதுபடச் சிரித்தார். அக்கா வந்த காரியத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். சிலருக்கு வேலை கிடைத்தது. மாணிக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

முருகனையும் போய்ப் பார்த்தார்.

"மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் முருகன்.

"அதக் கேக்க வரல. தப்பு ஒங்க மேல இல்லன்னு என் வாயால சொல்லத்தான் வந்தேன்."

கடைசி ஆண்டுகளில் சிடாம் கிரியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. செல்வம்தான் ஓட்டினார். வண்டியில் ஏதாவது கோளாறு என்று அவர் சொன்னால் அன்று வேன் கிளம்பாது. பெற்றோர் போன் செய்து திட்டுவார்கள். திட்டை அக்காதான் வாங்கிக்கொள்வார்.

அடக்கத்துக்கு மாணிக்கம் வந்திருந்தார். பெட்டியைத் தூக்க ஒரு பக்கம் தோள் கொடுத்தார். முருகன் வரவில்லை. அவர் மனைவி ஓரமாக நின்றிருந்தார். நான் அருகில் போனதும், "அவருக்கு வர மனசில்ல" என்றார். "ஆனா நீ போய்ட்டு வான்னு அவருதான் அனுப்புனாரு."

நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று எழுதி முடிக்க எனக்குத் தெம்பில்லை. அக்காவுக்கு அப்படி நடக்கவில்லை. நான் இப்போது வேறொரு நிறுவனத்தில் லாரிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பிரேக் சரியில்லை என்று ஓர் ஓட்டுநர் வந்து நிற்கும்போது, மாற்று லாரி இல்லாவிட்டாலும், சாவியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். முதலாளி கத்துகிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.