போர்டில் போட்ட விலை

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் என் கஃபட்டேரியாவுக்கு, அதாவது சின்ன டீக்கடைக்கு, வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என்னையல்ல, கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தகர போர்டைத்தான். சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்தது. பழசு போலத் தெரிய வேண்டுமென்று மூலைகளில் வேண்டுமென்றே துரு ஏற்றியிருப்பார்கள். ஒரு காப்பிக் கோப்பை, பக்கத்தில் 5. ஒரு பர்கர், பக்கத்தில் 15. ஒரு துண்டு ஆப்பிள் பை, பக்கத்தில் 10. ஒவ்வோர் எண்ணையும் ஒட்டி, ஆங்கில சி எழுத்தைக் குறுக்கே கீறியது போல ஒரு குறி. "என்னண்ணே, சினிமா செட்டுல சுட்டதா?" என்று கேட்கிற வாய்த்துடுக்கு ஆட்களும் உண்டு. சுட்டதில்லை ஐயா. இந்த போர்டில் இருந்த விலைக்காக ஓர் அக்கா தன் விசாவையே விட்டுக்கொடுத்தார். அதைச் சொன்னால் "பிழைக்கத் தெரியாத பொம்பளை" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

அப்போது நான் ஷார்ஜாவில் ஓர் அமெரிக்க உணவகத்தில் வெயிட்டர். அமெரிக்கா என்றால் இன்றைய அமெரிக்கா இல்லை, எங்கள் அப்பாக்கள் பிறந்த காலத்து அமெரிக்கா. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, பளபளக்கும் சிவப்பு ரெக்சின் இருக்கைகள், கவுண்டரை ஒட்டிச் சுழலும் ஸ்டூல்கள். சுவரை முட்டிக்கொண்டு வெளியே வருவது போல ஒரு நீலக் காரின் முன்பாதி. ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்காரி புது ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள் சொர்க்கத்தையே கண்டவள் போலச் சிரிக்கும் விளம்பரப் படம். மூலையில் ஒரு ஜூக்பாக்ஸ். காசு போட்டால் பாடும் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருந்தது ஒரு சின்ன கம்ப்யூட்டர். எங்களுக்குத் தலையில் காகிதத் தொப்பி, நெஞ்சில் அமெரிக்கப் பெயர் போட்ட பேட்ஜ். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன் நான் ஜானி. நேபாளத்துப் பையன் பாபி. கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா நான்சி. அங்கே வேலை செய்தவர்களில் ஒருத்தருக்கும் அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நல்ல கூத்து!

அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கணக்கில் கறார், வாயில் அதைவிடக் கறார். யாராவது "நான்சி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு கணம் எடுத்துக்கொள்வார். "அது ஆரெண்டு யோசிக்கிறனான் தம்பி" என்று என்னிடம் கண் சிமிட்டுவார். ராணுவம் பிடித்து வைத்திருந்த அவர்கள் காணி வெகுகாலம் கழித்துத் திரும்பக் கிடைத்திருந்தது. அதில் வீடு கட்டத் தொடங்கி, சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. போனில் அந்தப் படத்தைக் காட்டும்போது மட்டும் அவர் குரல் குழையும். "கூரை ஏறும் மட்டும் நான் இங்கை நிக்கத்தான் வேணும்" என்பார். அந்த மாதம் அவருடைய விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். ஃபைல் மேனேஜரின் மேஜையில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அக்காவுக்கு ஒரு வாடிக்கையாளர் சிநேகிதம் இருந்தது. வயதான கறுப்பின அமெரிக்கர், இங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் மகளோடு வந்து தங்கியிருந்தவர். ஆப்பிள் பை ஒரு துண்டும் காப்பியும் வாங்கிக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் குறை சொல்வார். அக்கா இங்கிலீஷில் நன்றாகப் பேசுவார், பிறகு எனக்குத் தமிழில் சொல்வார். ஒருநாள் அந்த போர்டைக் காட்டி, அது பொய் இல்லை, என் சின்ன வயதில் காப்பி அந்த விலைதான் என்றாராம். அந்தக் குறி சென்ட், டாலரில் நூறில் ஒரு பங்கு; ஐந்து சென்ட் சில்லறைக்கு ஒரு கோப்பை, இன்னும் கொஞ்சம் காசிருந்தால் சினிமா. ஆனால் எங்கள் ஊரில் இந்த மாதிரி ஸ்டூலில் எங்களை உட்கார விடமாட்டார்கள், அம்மா பின்பக்க ஜன்னலில் நின்று அதே காப்பியை அதே விலைக்கு வாங்கிக்கொண்டு வருவாள் என்றாராம். ஜூக்பாக்ஸைக் காட்டி இன்னொன்றும் சொன்னாராம்: உள்ளே பாடியவன் எங்கள் ஆள், அவன் பாட்டு கடைக்குள் போகும், அவன் போக முடியாது. இதை எனக்குச் சொல்லிவிட்டு அக்கா கல்லாப்பெட்டியை அடித்துச் சாத்தினார். பிறகு, "காசு ஒண்டு, கதவு ரெண்டு. என்ன அநியாயமடா இது!" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் மூக்குத்தி துடிக்கும்.

அடுத்த வாரமே ஒரு மதியம், லேபர் கேம்ப் ஆட்கள் ஒரு குழுவாக உள்ளே வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஒருத்தர் நெற்றியில் திருநீறு. பரமக்குடிப் பக்கத்துக்காரர்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் சித்தப்பா என்றார்கள். கார்பெண்டர். விசா கேன்சலாகி ஒரேயடியாக ஊருக்குப் போகிறார், மறுநாள் ஃபிளைட். ரூமில் இருந்தவர்கள் சேர்ந்து அவருக்கு விருந்து வைக்கக் கூட்டி வந்திருந்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது சித்தப்பாதான். ஏனென்றால் இந்தக் கடை கட்டும்போது உள் மரவேலை பார்த்தவர் அவர். அந்தத் தகர போர்டைச் சுவரில் மாட்டியதும் அவர். "ஏசி போட்ட கடைடா, சோபா சீட்டு, காப்பி அஞ்சு திர்ஹம்தான்" என்று வருஷக்கணக்காக ரூமில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர்கள் மெனு கார்டைத் திறக்கவே இல்லை. விலைதான் சுவரிலேயே இருக்கிறதே! போர்டைக் காட்டிக் காட்டி நேபாளத்துப் பையனிடம் ஆர்டர் கொடுத்தார்கள், அவனும் எழுதிக்கொண்டு போனான். நான் அன்றைக்கு மறுபக்கத்து மேஜைகளில் ஓடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சுவர்ப் பலகையையும் தான் மாட்டிய போர்டையும் தட்டித் தட்டிப் பார்த்து, "இன்னும் ஆடலடா" என்று பெருமைப்பட்டது மட்டும் காதில் விழுந்தது.

பில் போனது. சிரிப்புச் சத்தம் அப்படியே நின்றது. அவர்களுடைய பைகளை எல்லாம் ஒன்றாகக் கவிழ்த்தாலும் பில்லில் பாதிகூடத் தேறாது. மேனேஜர் வந்தார். ஆள் சென்னைதான், ஆனால் கடைக்குள் தமிழ் வாயில் வராது. முதலில் இங்கிலீஷில் கத்தினார், பிறகு கோபத்தில் தாய்மொழி வந்துவிட்டது. "யோவ், அது டெக்கரேஷன்யா! எந்தக் காலத்து விலையோ! இதுகூடத் தெரியாதவங்க ஏன் உள்ள வர்றீங்க? கேஃப்டேரியால குந்திக் குடிக்க வேண்டியதுதானே?" சுற்றிலும் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. சித்தப்பா எழுந்து நின்றார். "தெரியாதுங்க சார். அதை மாட்டுனதே நாந்தான். அப்பவும் இது சும்மானு எவரும் சொல்லல. எழுதுனது நீங்க, படிச்சது நாங்க. இதுல எங்க தப்பு எதுங்க சார்?" மேனேஜர் கையை நீட்டினார். "ஐடி எல்லாம் எடு. போலீஸைக் கூப்பிடறேன்."

ஒரு கேஸ் என்று பதிவாகிவிட்டால், சித்தப்பாவை மறுநாள் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். கேன்சலான விசா, வேலை இல்லை, ரூமும் இல்லை. கேஸ் முடியும்வரை நடுத்தெருதான். வெயிட்டர்கள் நாங்கள் சேர்ந்து பணம் போட்டுவிடலாம் என்று நான் பர்ஸை எடுத்தேன். அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு அதட்டல் போட்டார். "வையடா அதை உள்ளுக்கை! நீ காசு குடுத்தா அந்த மனிசன் களவெடுத்ததெண்டு ஆகும். அவர் ஒரு பிழையும் விடேல்லை." பிறகு மேனேஜரைப் பார்த்தார். "சுவரில என்ன எழுதிக்கிடக்கோ, அதைத்தான் நான் அடிக்கப்போறன்."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "நான்சி, உன் ஃபைல் என் டேபிள்ல இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கட்டும். ஃபைலை நீங்க வச்சிருங்கோ, என்ர வாயை நான் வச்சிருக்கிறன்." அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "அழகுக்கு எழுதினது எண்டா அழியுங்கோ. எழுதினபடி தொங்கும் மட்டும் அதுதான் விலை. வாசலில ஆக்களைக் கூப்பிடுற விலை, உள்ளுக்கை வந்து இருந்தாப் பிறகு மாறுமோ? போலீசைக் கூப்பிடுங்கோ. நானும் அவையளுக்கு இந்த போர்டைக் காட்டுறன்." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மேனேஜர் சற்றுத் தயங்கி, போலீஸுக்கு எடுத்த போனை இறக்கினார். நானும் சும்மா நிற்கவில்லை. "அக்கா சொல்றது நியாயம் சார்" என்றேன். "நீயும் நாளை எண்ணிக்கோ" என்றார். "எண்ணிக்கிறேன் சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அக்கா கல்லா மெஷினில் தன் ரகசிய எண்ணைப் போட்டு, காப்பி ஐந்து, பர்கர் பதினைந்து, பை பத்து என்று தட்டினார். சீட்டு வந்தது. அதன் அடியில் கேஷியர் நான்சி என்று அச்சாகியிருந்தது. அக்கா பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டு, தன் சொந்தப் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினார். ஆர்டர் எடுத்த நேபாளத்துப் பையனைக் காட்டி, "நாளைக்கு இந்தப் பெடியன்ர தலையில கட்டக் கூடாது. அடிச்சது நான்தான்" என்றார். பேட்ஜைக் கழற்றிக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினார். அக்காவின் சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது, அவர் கையால் எழுதிய இடத்திலேயே இருக்கட்டும். சித்தப்பா கூட வந்தவர்களிடம் வாங்கி, சீட்டில் இருந்ததை நயா பைசா குறையாமல் கொடுத்தார், நேபாளத்துப் பையனுக்கு டிப்ஸும் வைத்தார். ஆமாம் ஐயா, டிப்ஸ்! போகும்போது கல்லாவின் முன் நின்று, "தாயி, உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அண்ணை. நீங்க ஊருக்குப் போய்ச் சேருங்கோ" என்றார் அக்கா. மறுநாள் இரவு சித்தப்பா மதுரையில் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

ஃபைலில் கையெழுத்து விழவில்லை. அக்கா இரண்டு பெட்டிகளோடு ஊருக்குப் போனார். வீடு அதே ஜன்னல் மட்டத்தில்தான் நின்றது. நான் ஏர்போர்ட் வரை போனேன். அழுதது நான்தான், அவர் இல்லை. "நான் ஒருத்தன்ர காலிலயும் விழேல்லை. பிறகு ஏனடா அழுறாய்?" என்று முதுகில் ஒன்று வைத்தார். போர்டுக்குக் கீழே மறுவாரமே ஒரு ஸ்டிக்கர் வந்தது, அலங்காரத்துக்கு மட்டும் என்று ஆங்கிலத்திலும் அரபியிலும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குஷி. அக்கா ஜெயித்ததற்கு மேனேஜரே எழுதிக் கொடுத்த சாட்சி அது. எழுதியது சரியாக இருந்திருந்தால் ஸ்டிக்கர் எதற்கு?

மேனேஜர் என் நாளை எண்ணி முடிப்பதற்குள் அந்தப் பழைய அமெரிக்கா மோகம் முடிந்தது. ஜனங்கள் கொரியன் கோழிக்குப் போய்விட்டார்கள், கடையை மூடினார்கள். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நாளில் போய் நின்று அந்த போர்டைக் கேட்டு வாங்கினேன். நாலு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். சித்தப்பா சொன்னது சரிதான், அது கடைசிவரை ஆடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தோசைத் திருப்பியால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். மச்சானோடு கூட்டாக இந்தக் கஃபட்டேரியாவைத் தொடங்கியபோது போர்டை மாட்டினேன். மாட்டியபின் அதில் உள்ளதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? காப்பி சரி, பர்கரும் சரி. ஆப்பிள் பைக்கு எங்கே போவது? என் மனைவி ஆப்பிளைச் சர்க்கரையில் வதக்கி, சோமாசி போல மடித்துப் பொரித்துத் தருகிறாள். எந்த அமெரிக்கரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை.

வாடகை ஏறுகிறது, பால் விலை ஏறுகிறது. "காப்பி அஞ்சுக்குக் கட்டாது மாமா, இன்னும் ஒண்ணோ ரெண்டோ ஏத்துவோம்" என்று மச்சான் மாதத்துக்கொரு தடவை என்னைக் குடைகிறான். "ஏத்தலாம்டா, முதல்ல போர்டை இறக்கு. நீயே ஏறி இறக்கு" என்பேன். அவன் ஏணியைப் பார்ப்பான், போர்டைப் பார்ப்பான், போய்விடுவான். அக்கா இப்போது குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். சொந்தப் பெயரில்தான் இருக்கிறார். வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் "விலை அப்பிடியே கிடக்கோ?" என்றுதான் கேட்பார். அப்படியே கிடக்கிறது அக்கா.

போன வாரம் மத்தியான வெயிலில் டெலிவரி பைக் ஓட்டும் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். ஊருக்குப் புதுசு. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்கள், உள்ளே வரவில்லை. ஒருத்தன் கழுத்தை நீட்டி போர்டைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, அது நெஜ வெலையா, இல்ல சும்மா ஷோவுக்கா?"

"நெஜம்தான். உள்ள வந்து உக்காருங்கடா" என்றேன்.