பீப்பாய் மேல் உட்கார்ந்த மேயர்

"முட்டி எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டபடியே மேயர் ஜேபெஸ் ஹோல்கம் தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் தொடுகிறார். மூட்டுவலிக்காரரின் ஓட்டு எப்போதும் அவருக்குத்தான். அதற்கு ஒரு விரல் போதும். கசாப்புக் கடைக்காரன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இன்னும் பிடிபடவில்லை. ஆகவே, "வயித்துல அந்தக் கடமுடா நின்னுச்சா?" என்ற கேள்வியோடு இரண்டு விரல். மூன்றாம் எண் தீயணைப்புப் படைக்காரன் யாராவது எதிரே வந்தால் மட்டும் தொப்பி ஒரு சாண் உயரம் கிளம்பும், கிளம்பிய வேகத்தில் இறங்கியும் விடும். உள்ளே பளபளவென்று மொட்டை. அதை ஊருக்குக் காட்ட அவருக்கு மனசில்லை.

ஊரில் ஒருவர் பெயரும் அவருக்கு நினைவில் நிற்காது. நோய்தான் நிற்கும். பாதிரியார் அவருக்குப் பித்தப்பை. அஞ்சலக அதிகாரி இடது காது. "நான் செத்தாக்கூட, 'அந்த ஒத்தைத் தலைவலி போயிடுச்சு'ன்னுதான் ஊருக்குச் சொல்லுவாரு" என்று அவர் மனைவி பெர்சிஸ் தேவாலய வாசலிலேயே சொல்லிச் சிரிக்கிறாள்.

ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் இந்தக் கால்டர்ஸ்பர்க்குக்கு அவர் பீப்பாய் செய்கிற தொழிலாளியாகத்தான் வந்து இறங்கினார். ஊர் முழுக்கப் பன்றி இறைச்சிக் கிடங்கு. இறைச்சி போகுமிடமெல்லாம் பீப்பாயும் போக வேண்டும். இன்றைக்கும் எங்கே பீப்பாயைக் கண்டாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "எவன்டா இதைச் செஞ்சவன்?" என்று முகம் சுளிப்பார். பெரும்பாலும் அவரே செய்ததாக இருக்கும்.

இந்த ஊரில் மேயர் ஆவதற்கு முதல் படி தீயணைப்புப் படைதான். சம்பளம் கிடையாது. சிவப்புச் சட்டை ஒன்று கொடுப்பார்கள். ஹோல்கம் மூன்றாம் எண் படையில் வாளி தூக்கினார், தோல்குழாய் பிடித்தார், பித்தளை ஊதுகுழலில் கத்தி வேலை வாங்கும் தலைவரானார். அங்கிருந்து நகர மன்றம், பிறகு மேயர் நாற்காலி. நான்கு வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் ஜெயிக்கிறார். மூன்றாம் எண்ணில் ஆட்கள் அறுபது பேர். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாம் சேர்த்தால் இருநூறு ஓட்டு. அவர் இதுவரை ஜெயித்ததெல்லாம் நூறு, நூற்றிருபது ஓட்டு வித்தியாசத்தில். அந்த இருநூறு நகர்ந்தால் நாற்காலியும் நகர்ந்துவிடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்சியில் என்ன சாதித்தார் என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் பன்றி திரியக் கூடாது என்று முதல் வருடமே சட்டம் போட்டார். அதை மாவுப் பசை தடவி நகர மன்றக் கதவில் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் ஒரு பெண் பன்றி பசையோடு சேர்த்துச் சட்டத்தையும் தின்றுவிட்டது. மறுபடி ஒட்டலாமே என்றால், "பன்னிக்கு ஓட்டு இல்லைதான். வளர்க்கிறவனுக்கு இருக்கேப்பா" என்று பெருமூச்சு விடுவார்.

இந்த வருடம் எதிரே நிற்பவர் கான்ராட் ஹாஸ். மெழுகுவத்தி வியாபாரி, அதோடு ஐந்தாம் எண் படையின் தலைவர். ஹாஸுக்கு மேயரின் தொப்பி ஒரு விரல்கூட அசைந்ததில்லை.

திங்கட்கிழமை தேர்தல். சனிக்கிழமை நண்பகலில், எங்கோ தீ என்று தேவாலய மணி கணகணவென்று அடித்தது. மேயர் அவரைக்கொட்டையும் உப்பிட்ட இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேயர் ஓடக் கூடாதுங்க, நடங்க" என்றாள் பெர்சிஸ்.

கழுத்தில் செருகிய சாப்பாட்டுத் துணியோடு, தொப்பியை மட்டும் மாட்டிக்கொண்டு அவர் ஓடினார். பட்டறையில் இருந்த காலிப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு போய், தெருமுனைத் தண்ணீர்க் குழாயின் மேல் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இங்கே வழக்கமே அதுதான். எந்தப் படை முதலில் குழாயில் தோல்குழாயை மாட்டுகிறதோ, தீ அந்தப் படைக்குச் சொந்தம், ஒரு வருடத்துக்குப் பெருமையும் சொந்தம். தன் படை வரும்வரை எவனாவது குழாயை மறைத்து உட்கார வேண்டும். சாதாரண ஆளாக இருந்தால் மற்ற படைக்காரர்கள் குத்திக் கீழே தள்ளிவிடுவார்கள். மேயரை அடிக்க யாருக்குக் கை வரும்? அதனால் நான்கு வருடமாக அந்த வேலை அவருடையது. குழாயை விட்டுக்கொடுத்த ரொட்டிக்காரன் ஒருவனிடம் மூன்றாம் எண் குடும்பங்கள் இன்றுவரை ரொட்டி வாங்குவதில்லை.

உட்கார்ந்த பிறகுதான் எரிவது எது என்று பார்த்தார். ஹாஸின் மெழுகுவத்திக் கடை.

ஐந்தாம் எண் வண்டிதான் முதலில் வந்தது. பாதிப்பேர் படகுத் துறையில் வேலையாக இருந்ததால் இழுத்து வந்தவர்கள் பன்னிரண்டே பேர். முன்னால் ஹாஸ், முகமெல்லாம் கரி.

"எழுந்திருய்யா ஜேபெஸ்!"

"என் பசங்க வந்துக்கிட்டே இருக்காங்க." பழக்கம் விடவில்லை. "பல்லு வலி தேவலையா?"

"பல்லா? அடப்பாவி, கடையே எரியுது! உள்ள கொழுப்பு அம்பது பீப்பா கிடக்கு. பக்கத்துல வீடு வரிசையா இருக்கு, கண்ணு தெரியலையா?"

மேயருக்குக் கண் தெரிந்தது. தூரத்தில் மூன்றாம் எண்ணின் மணியும் கேட்டது. மூன்று தெரு தள்ளி இருக்கும். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும். அவருக்கு வியர்த்தது. பீப்பாயைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன.

ஹாஸ் ஊதுகுழலைக் கீழே போட்டார். "நான் போட்டியிலிருந்து விலகிக்கறேன்யா. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். நாற்காலியை நீயே வச்சுக்க. எழுந்திரு."

மேயரின் முகம் சிவந்தது, காது வரைக்கும்.

"என்ன பேச்சுய்யா பேசுற? எரியற கடையைக் காட்டி நாற்காலி வாங்கினேன்னு என் பொண்டாட்டி சிரிக்கவா? இப்ப சொன்னதைத் திருப்பி வாங்கு. வாங்கினாத்தான் எழுந்திருப்பேன்!"

"என்னது?"

"விலகலைன்னு சொல்லுய்யா! சீக்கிரம் சொல்லு, எரியுதுல்ல?"

"விலகலை!" என்று ஹாஸ் அலறினார். "விலகவே மாட்டேன்! திங்கட்கிழமை உன்னை மண்ணைக் கவ்வ வைக்கிறேன், போதுமா?"

"அப்படிப் பேசு."

மேயர் எழுந்தார். காலால் உதைத்ததில் பீப்பாய் சாக்கடை வரைக்கும் உருண்டது. ஐந்தாம் எண்ணின் தோல்குழாய் தெருக்குழாயில் ஏறியது. வண்டியில் இருக்கும் பம்புக் கட்டையை ஏற்றி இறக்க ஒரு பக்கம் எட்டுப் பேர் வேண்டும். இருந்தது ஐந்து பேர். அவர் தொப்பியைக் கழற்றி ஹாஸின் கையில் திணித்துவிட்டு, ஆறாவது ஆளாகக் கட்டையைப் பிடித்தார். மேலே, கீழே, மேலே, கீழே. மொட்டைத் தலையை வெயிலும் ஊரும் முதல்முறையாகப் பார்த்தன.

மூன்றாம் எண் வண்டி அப்போதுதான் மூலை திரும்பியது. சிவப்புச் சட்டைகள் அப்படியே நின்றன. அவர்களைக் கண்டதும் மேயரின் வலது கை, தானாக, தொப்பியை உயர்த்த மேலே போனது. அங்கே தொப்பி இல்லை. மொட்டையை இரண்டு சொறி சொறிந்துவிட்டு, அந்தக் கை மறுபடி கட்டைக்கு வந்தது.