எதிர்த்தரப்பு வந்துவிட்டது

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் அக்காவுக்கு நடந்தது. அக்கா இன்று வக்கீல். கையில் ஆதாரம் இல்லாமல், வெளியே மழை பெய்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். இவளுக்குக் கொஞ்சம் புளுகத் தெரிந்திருந்தால் தொழில் இன்னும் நன்றாக ஓடியிருக்கும் என்று அவள் புருஷன், எங்கள் மாமாவே, அவளைச் சீண்டுவார்.

கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகுதான் அக்கா சட்டம் படிக்கப் போனாள். காலையில் ஒரு பெண் வக்கீலின் அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை. மத்தியானம் பல்கலைக்கழகம். நடுவில் குழந்தையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஓடுவாள். அவள் வேகமாகத்தான் ஓடுவாள், பஸ்ஸும் ஓட வேண்டுமே.

அங்கே ஒரு பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தாழ்ப்பாள்'. மணி அடித்த அடுத்த நொடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். அப்புறம் யார் வந்து தட்டினாலும் திறக்கமாட்டார். கோர்ட் யாருக்காகவும் காத்திருக்காது என்பது அவருடைய பல்லவி. பிள்ளைக்கு ஜுரம் என்று அக்கா கெஞ்சிய அன்றும் திறக்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முகம் சிவந்துவிடும். எனக்கு வயிறு எரியும். அவ்வளவு படித்த மனுஷனுக்கு எவ்வளவு அற்ப புத்தி பாருங்கள்!

அந்தத் தாழ்ப்பாளால் அக்காவின் மாதிரி நீதிமன்றத் தேர்வு இரண்டு முறை கைவிட்டுப் போயிருந்தது. வேறொன்றுமில்லை, மாணவர்கள் இரண்டிரண்டு பேராக வர வேண்டும். ஒரு கற்பனை வழக்கில் ஆளுக்கொரு தரப்பாக வாதாட வேண்டும். வெளியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மார்க் போடுவார். இதில் தேறாமல் பட்டம் கிடையாது. அக்காவுக்கு அது கடைசி வாய்ப்பு. அதையும் விட்டால் படித்ததெல்லாம் தண்ணீரில் போட்ட மாதிரிதான். இந்தத் தடவை இல்லையென்றால் புத்தகங்களை மூட்டை கட்டிவிடு என்று மாமாவும் சொல்லியிருந்தார்.

அன்று அக்கா பஸ்ஸை நம்பவில்லை. ஒரு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய முறைதான் கடைசி, மூன்று மணிக்கு. மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கு எதிராக வாதாட வேண்டியவன் ஒரு பெரிய வக்கீலின் பையன். பட்டப்பெயர் 'மைனர்'. இரண்டே முக்கால் ஆயிற்று, மைனரைக் காணோம்.

மூன்று மணி. பெல் அடித்தது. தாழ்ப்பாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எதிர்த்தரப்பு இல்லாம வாதம் ஏதும்மா? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். பிறகு, நினைவு வந்தவர்போல, "அட, உனக்குத்தான் அடுத்த வருஷம் கிடையாதே" என்றார்.

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மைனர் வராததற்கு அவள் என்ன செய்வாள்? வாயைத் திறந்தால் அழுகை வருமோ, கெட்ட வார்த்தை வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் நீதிபதி தடித்த கண்ணாடியோடு வழக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

டக்... டக்... டக்...

மைனர்தான் என்று அக்காவுக்கு உயிர் வந்தது. திரும்பித் தாழ்ப்பாளைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவர் உதட்டோரம் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"திறக்காதே" என்றார். குரல் எழும்பவில்லை.

மறுபடி தட்டும் சத்தம். இப்போது மெதுவாக. முதலில் தோள் உயரத்தில் கேட்டது, பிறகு இடுப்பளவில் கேட்டது. அப்புறம் கதவின் அடியில், தரையை ஒட்டி...

டக்... டக்...

மைனர் உட்கார்ந்துகொண்டா தட்டுகிறான்?

அக்கா போய்க் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள்.

யாருமில்லை. நீளமான வராந்தா, மாடிப்படி வரை பளிச்சென்று வெயில். அவ்வளவுதான்.

திரும்பினாள். எதிர்த்தரப்பு மேஜையின் நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரும் வந்தாச்சா? ஆரம்பிங்க" என்றார்.

அக்காவுக்கு ஓடிவிடத்தான் தோன்றியதாம். ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பேயாவது பிசாசாவது, இந்த ஆளிடம் தோற்றுப்போய் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாதத்தைத் தொடங்கினாள். வாடகை வீட்டைக் காலி செய்யும் வழக்கு. வீட்டுச் சொந்தக்காரர் தரப்பில் அக்கா.

சொல்லி முடித்து உட்கார்ந்தாள்.

எதிரே நாற்காலி கிறீச்சென்றது. ஒருவர் உட்கார்ந்த பிறகுதானே மற்றவர் எழ வேண்டும்? அதுதான் கோர்ட் முறை.

மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. ஒரு வார்த்தைகூட இல்லை... வெறும் மூச்சு.

நீதிபதி தலையாட்டினார். குறித்துக்கொண்டார். "ஆக, நோட்டீஸ் கைக்கு வரவே இல்லங்கறீங்க?" என்று அந்த மேஜையைப் பார்த்துக் கேட்டார். பிறகு அக்காவிடம், "இதுக்கு உங்க பதில் என்ன?" என்றார்.

அக்கா எழுந்தாள். எதிரே நாற்காலியில் யாரோ உட்காரும் சத்தம். நோட்டீஸ் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

உட்கார்ந்தாள்.

கிறீச்...

மூச்சு...

எழுந்தாள்.

கிறீச்...

தாழ்ப்பாள் சுவரோடு ஒட்டி நின்றார். எதிர்த்தரப்பு மேஜையைப் பார்க்கவே இல்லை. கைகள் காதுகளைப் பொத்தியிருந்தன.

மூன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. மூச்சும் நின்றது. நீதிபதி பேனாவை மூடினார்.

"ரெண்டு பேருமே தேறிட்டீங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் பாவம், ரொம்ப மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்று தாழ்ப்பாளிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொண்ணு! வர வேண்டியவன் மைனர். அவனோ அன்று ஊரிலேயே இல்லை. அப்பா பேசி அவனுக்கு வேறு நாள் வாங்கிக் கொடுத்திருந்தார். இவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கோர்ட் யாருக்காகவும் காத்திருக்காதாம்!

மறுநாள் காலை அக்கா இதையெல்லாம் தான் வேலை பார்க்கும் வக்கீலம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாவும் அதே இடத்தில் படித்தவர்தான். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு சொன்னார். அவர் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஆஸ்துமாக்காரி. மாதிரி நீதிமன்றத்தன்று பஸ் தாமதமாகி, மாடிப்படி முழுக்க ஓடி வந்தாள். அதற்குள் இதே பேராசிரியர் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். வழக்கு அன்றும் இதே வாடகை வழக்குதான், அந்த ஆள் அதை மாற்றவே இல்லை. முழு வகுப்பும் உள்ளே இருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது வாசலிலேயே கிடந்தாளாம். உடம்பு ஆறிப்போயிருந்தது.

"தட்டினது உங்களுக்கெல்லாம் கேக்கலையா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"கேட்டுது" என்றார் வக்கீலம்மா. "ரொம்ப நேரம் தட்டினா. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. அந்த ஆளு எங்களைப் பாத்து, 'பாத்தீங்களா, புத்தி வந்துடுச்சு'ன்னாரு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க எல்லாரும் சிரிச்சோம்."